சின்ன ஒடுக்குதானே! நாமே எடுக்கலாமா, டிங்கர் அண்ணன்கிட்ட விடலாமா?



கார் இருக்குற எல்லா வீட்டுலயும் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும். கடைக்குப் போயிட்டு வந்து பார்த்தா, ஓரமா நிறுத்தி வச்ச கார் கதவுல ஒரு ஒடுக்கு. யார் இடிச்சாங்கன்னு தெரியாது. அப்பா முகம் சுருங்கிடும். மாமா, "சுடுதண்ணி ஊத்துடா, தானா வந்துடும்" என்பார். தம்பி வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்புவான். பக்கத்து வீட்டு அங்கிள், "இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணிடுங்க சார்" என்பார். கடைசியில எல்லாரும் நம்ம பக்கம் திரும்புவாங்க: "நீதானே இன்ஜினியரிங் படிக்கிற, சொல்லு!"

அந்த நேரத்துல என்ன சொல்லணும்னுதான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் ஆளுங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கும் புரியுற மாதிரிதான் எழுதியிருக்கேன். தேவையானது ஒரு ஸ்கேல், கொஞ்சம் பொறுமை, முதல் வருஷத்துல படிச்சு மறந்து போன கொஞ்சம் ஃபிசிக்ஸ். அவ்வளவுதான்.

முதல்லயே விஷயத்தைச் சொல்லிடுறேன். ஒடுக்கு சின்னதா பெருசாங்குறதை வச்சு முடிவு எடுக்கக் கூடாது. பார்க்க வேண்டியது ரெண்டு: தகடு எவ்வளவு நீண்டிருக்கு, மேல இருக்குற பெயிண்ட் உடையாம இருக்கா. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா, நாமே எடுக்கலாமா வேண்டாமான்னு கிட்டத்தட்ட தெரிஞ்ச மாதிரிதான்.

1. ஒடுக்குன்னா உண்மையில என்ன?

கார் கதவு, ஃபெண்டர், பானெட் இதெல்லாம் பார்க்க உறுதியா தெரிஞ்சாலும், வெளித்தகடு சுமார் 0.6-லிருந்து 0.8 மி.மீ. தடிமன்தான். நம்ம ஏ.டி.எம். கார்டோட தடிமன் 0.76 மி.மீ. அதாவது கார்டு அளவு தடிமன் உள்ள இரும்புத் தகட்டைத்தான் வளைச்சு, நெளிச்சு, கதவா பண்ணியிருக்காங்க.

லேப்ல யூ.டி.எம். மெஷின்ல ஒரு ஸ்டீல் கம்பியை மாட்டி இழுத்தது ஞாபகம் இருக்கா? ஆரம்பத்துல விட்டா பழைய நீளத்துக்கே திரும்பும். அது எலாஸ்டிக் பகுதி. ஒரு எல்லைக்கு மேல இழுத்தா விட்டாலும் திரும்பாது. அந்த எல்லைதான் யீல்டு பாயிண்ட். அதைத் தாண்டுனா பிளாஸ்டிக் பகுதி, நீண்டது நீண்டதுதான்.

கார் வெளித்தகட்டோட யீல்டு ஸ்ட்ரென்த்தை தோராயமா 200 மெகா பாஸ்கல்னு வச்சுக்குவோம். ஸ்டீலோட யங்ஸ் மாடுலஸ் 2 லட்சம் மெகா பாஸ்கல். வகுத்தா வர்றது ஆயிரத்துல ஒண்ணு, அதாவது 0.1 சதவீதம். தகடு 0.1 சதவீதம் வரைக்கும் நீண்டா தானா திரும்பும். அதுக்கு மேல போனா திரும்பாது.

அப்போ ஒடுக்கு விழுந்த இடம் பூராவும் இந்த எல்லையைத் தாண்டியிருக்குமா? இல்லை. இதுதான் சுவாரசியம். அகலமா, ஆழம் கம்மியா இருக்குற ஒடுக்குல நடுப்பகுதி பெரும்பாலும் எலாஸ்டிக்காவே இருக்கும். அது திரும்பி வரத்தான் பார்க்குது. ஆனா ஒடுக்கோட ஓரத்துல, தகடு சட்டுனு வளையுற இடத்துல, ஒரு வளையம் மாதிரி நிரந்தரமா மடங்கியிருக்கும். அந்த வளையம்தான் மீதியைப் பூட்டு போட்டுப் பிடிச்சு வச்சிருக்கு. பிளாஸ்டிக் டப்பா மூடியை நடுவுல அமுக்குனா "டொப்"னு உள்ள போய் அங்கேயே நிக்கும். ஓரத்துல லேசா தட்டுனா மறுபடி "டொப்"னு வெளிய வரும். அதே கதைதான்.

குடத்துக்கு ஒடுக்கு எடுக்குறவர் வேலை செய்யுறதைப் பார்த்திருந்தா கவனிச்சிருப்பீங்க. பள்ளத்தோட நடுவுல ஓங்கி ஒரே அடி அடிக்க மாட்டார். ஓரத்துல இருந்து சுத்திச் சுத்தித் தட்டிக்கிட்டே உள்ள வருவார். பூட்டைத் தளர்த்துனா மீதி தானா வரும்னு அவர் கைக்குத் தெரியும்.

2. ஒரு ஸ்கேல், ஒரு கணக்கு

இப்போ நம்ம ஒடுக்கு எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கணக்கு ரொம்ப சிம்பிள். தட்டையான தகட்டுல ஒரு ஆழம் கம்மியான பள்ளம் விழுந்தா, அது எவ்வளவு நீண்டிருக்கும்னு தோராயமா இப்படிச் சொல்லலாம்:

நீட்சி = 8/3 × (ஆழம் ÷ அகலம்)²

அந்த வர்க்கத்தைக் கவனிங்க, எல்லாமே அதுல இருக்கு. ரெண்டு உதாரணம் பார்ப்போம்.

முதல் ஒடுக்கு: சூப்பர் மார்க்கெட் வாசல்ல யாரோ பின்னாடி நகரும்போது முதுகால சாய்ஞ்ச மாதிரி, 100 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஆழம். கணக்குப்படி நீட்சி சுமார் 0.11 சதவீதம். யீல்டு எல்லையை லேசா தொட்டிருக்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது ஒடுக்கு: பக்கத்துக் கார்க்காரர் கதவைத் திறந்து அதோட விளிம்பால ஒரு இடி. 20 மி.மீ. அகலம், அதே 2 மி.மீ. ஆழம். நீட்சி சுமார் 2.7 சதவீதம். முதல் ஒடுக்கை விட 25 மடங்கு!

பார்க்குறவங்க எல்லாரும் முதல் ஒடுக்கைப் பார்த்துப் பதறுவாங்க. இரண்டாவதை "பட்டாணி சைஸ்தானே, நாமே எடுத்துடலாம்"னு சொல்லுவாங்க. உண்மை தலைகீழ். உள்ளங்கை அளவு ஒடுக்குதான் சாது. பட்டாணி சைஸ் ஒடுக்குதான் வில்லன். அங்க தகடு நிஜமாவே நீண்டுபோச்சு. நீண்ட தகட்டைத் தள்ளுனா அது பழைய இடத்துல அடங்காது, எங்கேயாவது மேடா புடைச்சுக்கிட்டு நிக்கும்.

அளக்குறது எப்படி? ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை ஒடுக்குக்குக் குறுக்கே, அதோட விளிம்பு தகட்டுல படுற மாதிரி வைங்க. கதவுன்னா முன்னாடியிருந்து பின்பக்கமா வைங்க, அந்தத் திசையில வளைவு கம்மி. ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் நடுவுல ஏ.டி.எம். கார்டு முனையை நுழைச்சுப் பாருங்க. ரெண்டு கார்டு நுழைஞ்சா சுமார் 1.5 மி.மீ., மூணு நுழைஞ்சா சுமார் 2.3 மி.மீ. அகலத்தை அதே ஸ்கேல்ல அளந்துக்கலாம்.

அப்புறம் வகுத்துப் பாருங்க. அகலம், ஆழத்தைப் போல 50 மடங்கோ அதுக்கு மேலயோ இருந்தா, வீட்டுல முயற்சி பண்ணலாம். 20 மடங்குக்குக் கீழ இருந்தா கை வைக்காதீங்க. நடுவுல இருந்தா, கடையில காட்டிட்டு முடிவு பண்ணுங்க. கார் பாடி நிஜத்துல வளைவாத்தான் இருக்கும்ங்குறதால இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனா கண்ணால பார்த்து "சின்னது, பெருசு"ன்னு சொல்லுறதை விட எவ்வளவோ மேல்.

3. காசு இரும்புல இல்லை, பெயிண்ட்ல இருக்கு

இப்போ ரெண்டாவது கேள்வி. தகட்டை நேராக்குறது கொஞ்ச நேர வேலை. செலவு பூராவும் அதுக்கு மேல இருக்குற பெயிண்ட்லதான்.

ஃபேக்டரியில ஒரு கார் பாடி எப்படி பெயிண்ட் ஆகுதுன்னு பார்ப்போம். முதல்ல பாடியைக் கழுவி பாஸ்ஃபேட் பூச்சு. அப்புறம் முழு பாடியையும் ஒரு பெரிய தொட்டியில முக்கி, கரண்ட் வச்சு ஒரு பிரைமர் படிய வைப்பாங்க, அதுக்குப் பேரு ஈ-கோட். துரு பிடிக்காம காப்பாத்துறது முக்கியமா இதுதான். அதை ஓவன்ல சுமார் 170 டிகிரி செல்சியஸ்ல சுட்டு எடுப்பாங்க. அதுக்கு மேல இன்னொரு பிரைமர், அப்புறம் கலர் உள்ள பேஸ் கோட், கடைசியா பளபளப்புக்கு கிளியர் கோட். எல்லாம் சேர்த்து தடிமன் சுமார் 100-லிருந்து 150 மைக்ரான். நம்ம தலைமுடி ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச அளவு.

இதுல ஒரு கூடுதல் தகவல். பல கார்கள்ல வெளித்தகடுக்கு பேக் ஹார்டனிங் ஸ்டீல்னு ஒண்ணு பயன்படுத்துறாங்க. பெயிண்ட் ஓவன் சூட்டுலயே அதோட யீல்டு ஸ்ட்ரென்த் கொஞ்சம் ஏறும். அதாவது பெயிண்ட் காயுற சூட்டுல தகடும் ஒடுக்கு விழாத அளவுக்கு உறுதியாகுது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஓடிக்கிட்டிருக்குற காரை எந்தக் கடைக்காரரும் தொட்டியில முக்க முடியாது. 170 டிகிரியில சுடவும் முடியாது, உள்ள இருக்குற வயரிங், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் என்ன ஆகுறது? நல்ல பூத் இருக்குற கடையிலயும் சுமார் 60-லிருந்து 80 டிகிரி வரைக்கும்தான் சூடு பண்ணுவாங்க. எவ்வளவு நல்ல பெயிண்டர் அடிச்சாலும் அது ஃபேக்டரி பெயிண்ட் ஆகாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்க வர்றவரும் அதைக் கண்டுபிடிச்சு விலையைக் குறைப்பார்.

அதனால ஒடுக்கு விழுந்த கார்ல நாம காப்பாத்த வேண்டிய சொத்து அந்த ஃபேக்டரி பெயிண்ட்தான். அது உடையாம இருந்தா நமக்கு வழிகள் நிறைய இருக்கு. நாமே முயற்சி பண்ணலாம், ஆள் வச்சு எடுக்கலாம், சும்மாவே விட்டுடலாம். அது ஒரு தடவை விரிசல் விட்டுட்டா, உள்ள இரும்பு தெரிஞ்சா, தண்ணியும் காத்தும் வேலையை ஆரம்பிச்சிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல உப்புக்காத்து வேற.

விரிசல் இருக்கான்னு பார்க்க, ஒடுக்கைக் கழுவித் துடைச்சுட்டு மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. ஓரத்துல கோடு கோடா தெரிஞ்சா பெயிண்ட் உடைஞ்சிருக்கு. நகத்தால லேசா தடவுனா தட்டுப்படும்.

4. வீடியோ வைத்தியங்கள்: எது உண்மை, எது உருட்டு?

சுடுதண்ணி: மாமா சொன்னது பாதி உண்மை. பம்பருக்கு சரி, கதவுக்குத் தப்பு. இப்போ வர்ற கார்கள்ல பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். கொதிக்கிற தண்ணி பட்டா இளகும், பின்பக்கத்துல கை விட்டுத் தள்ளுனா பழைய வடிவத்துக்கு வரும், பச்சைத்தண்ணி ஊத்துனா அப்படியே நிக்கும். இரும்புக்கு 100 டிகிரிங்குறது ஒரு சூடே இல்லை. நம்ம வீட்டுல பால் காய்ச்சுற எவர்சில்வர் பாத்திரம் தினமும் அடுப்புல ஏறுது, அதுல இருக்குற ஒடுக்கு போச்சா?

ஹேர் டிரையர், அப்புறம் டிரை ஐஸ்: இதுக்கும் கணக்குப் போடலாம். ஸ்டீல் ஒரு டிகிரிக்கு 10 லட்சத்துல 12 பங்கு விரியும். 80 டிகிரி வித்தியாசம் கொடுத்தா கிட்டத்தட்ட 0.1 சதவீதம். மேல போட்ட கணக்கை ஞாபகப்படுத்துங்க: அகலமான ஒடுக்கோட நீட்சியும் அதே அளவுதான்! அதனாலதான் சில வீடியோல "டொப்"னு வெளிய வருது. வெளிய வரத் தயாரா இருந்த ஒடுக்கு அது. பட்டாணி சைஸ் ஒடுக்குக்கு 2.7 சதவீதம் வேணும், டிரை ஐஸ் கையைச் சுடுறதுதான் மிச்சம். நிஜமாவே சுடும், அது மைனஸ் 78 டிகிரி. வெறும் கையால தொடாதீங்க. திடீர்னு சூடும் குளிரும் மாறுனா கிளியர் கோட்லயும் விரிசல் விழ வாய்ப்பு இருக்கு.

பாத்ரூம் பிளஞ்சர், சக்ஷன் கப்: 12 செ.மீ. விட்டமுள்ள கப்புக்குக் கீழ முழு வெற்றிடம் கிடைச்சாலும் இழுவிசை சுமார் 115 கிலோ எடைக்குச் சமம். நம்ம கையால கிடைக்கிறது அதுல ஒரு பகுதிதான். அகலமான ஒடுக்குக்கு அது சில நேரம் போதும். ஆனா கப்பை விடச் சின்ன ஒடுக்குல வச்சு இழுத்தா, ஒடுக்கோட சேர்த்து சுத்தியிருக்குற நல்ல தகட்டையும் இழுக்குறோம்.

பசை ஒட்டி இழுக்குற கிட்: ஆன்லைன்ல கிடைக்குது. சூடான பசையால ஒரு பிளாஸ்டிக் பட்டனை ஒட்டி, பாலம் மாதிரி ஒரு கருவியால இழுக்குறது. தத்துவம் சரி, தொழில் பண்றவங்களும் இதே முறையைப் பயன்படுத்துறாங்க. ஆனா உங்க கார்ல அந்தப் பேனல் ஏற்கெனவே வெளியில பெயிண்ட் அடிச்சதா இருந்தா, பசையோட சேர்ந்து பெயிண்ட்டும் உரிஞ்சு வரலாம். செகண்ட் ஹேண்ட் கார்னா ரொம்பவே ஜாக்கிரதை.

5. நாமே எடுக்கணும்னா

இந்த அஞ்சும் "ஆமாம்"னா மட்டும் ஆரம்பிங்க:

பெயிண்ட் உடையலை.
அகலம், ஆழத்தைப் போல 50 மடங்காவது இருக்கு.
கூர்மையான மடிப்புக் கோடு எதுவும் இல்லை.
பேனலோட ஓரத்துலயோ, பாடி லைன் மேலயோ ஒடுக்கு இல்லை.
பின்பக்கம் கை போகுது.

பாடி லைன்னா, கதவுல நீளமா ஓடுற அந்த டிசைன் கோடு. அங்க தகடு ஏற்கெனவே மடங்கி உறுதியா இருக்கும், சும்மா தள்ளுனா வராது. வந்தாலும் கோடு நேரா இருக்காது.

ஒரு காந்தத்தைத் துணியில சுத்தி வச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா அது பிளாஸ்டிக்காவோ அலுமினியமாவோ இருக்கலாம், இல்லைன்னா முன்னாடி யாரோ கனமா பட்டி போட்டு மூடியிருக்கலாம். தட்டிப் பார்த்தா பிளாஸ்டிக்னு சத்தத்துலயே தெரிஞ்சிடும். அலுமினியமோ பட்டியோன்னா இந்த வேலை நமக்கு இல்லை.

வேலைக்கு வருவோம். காரை நல்லா கழுவுங்க, மண் துகள் இருந்தா தேய்ச்சு கீறல் விழும். வெயில்ல கொஞ்ச நேரம் நிறுத்துங்க, சூடான பெயிண்ட் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். அப்புறம் ஒரு டியூப்லைட் வெளிச்சம் பேனல்ல விழுற மாதிரி நிறுத்துங்க. டியூப்லைட்டோட பிம்பம் நேர்கோடா தெரிஞ்சா தகடு நேரா இருக்கு. வளைஞ்சு தெரியுற இடம்தான் ஒடுக்கு. தொழில்காரங்க கோடு போட்ட லைட் போர்டு வைக்குறது இதுக்குத்தான். நமக்கு டியூப்லைட் போதும்.

பின்பக்கத்துல இருந்து கட்டைவிரலாலயோ, துணி சுத்துன மரக்கட்டையாலயோ தள்ளுங்க. ஓரத்துல ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வாங்க. ஒவ்வொரு தள்ளலுக்கும் பிம்பத்தைப் பாருங்க. ஒரே அழுத்துல எடுத்துடணும்னு நினைக்காதீங்க. பள்ளம் பாதி நிரம்பி நின்னாலும் பரவாயில்லை, மேடு மட்டும் வரக் கூடாது. பள்ளத்தை பட்டி போட்டு நிரப்பலாம். மேட்டை பெயிண்ட் உடைக்காம அடக்குறது நம்மால ஆகாத வேலை.

மூணு நாலு தடவை நிதானமா முயற்சி பண்ணியும் அசையலைன்னா நிறுத்திடுங்க. இங்கதான் நிறைய பேர் ஈகோ பார்ப்பாங்க. யீல்டைத் தாண்டி திரும்பத் திரும்ப வளைக்க வளைக்க ஸ்டீல் இறுகும், ஸ்ட்ரெய்ன் ஹார்டனிங்னு படிச்சோமே, அதுதான். நீங்க முரட்டுத்தனமா தள்ளுற ஒவ்வொரு தடவையும் அடுத்து எடுக்கப்போற ஆளோட வேலையைக் கஷ்டமாக்குறீங்க.

பாதுகாப்பு விஷயம் ரெண்டு. கதவு டிரிம்மைக் கழட்டுனா உள்ள கண்ணாடி, வயரிங் இருக்கும், சில கார்கள்ல ஏர்பேக் சென்சாரும் இருக்கும். கம்பியை விட்டுக் குத்தாதீங்க. கூரை ஓரத்துல கர்ட்டன் ஏர்பேக் இருக்குற கார்னா அந்தப் பக்கமே போகாதீங்க. அப்புறம், பேனல்ல துளை போடுறதுங்குற பேச்சுக்கே இடமில்லை.

6. கடையில ரெண்டு வகை உண்டு

"டிங்கர்கிட்ட விடு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுறோம். ஆனா அங்க ரெண்டு வேற வேற தொழில் இருக்கு.

ஒண்ணு பி.டி.ஆர். பெயிண்ட்டைத் தொடாமலே ஒடுக்கு எடுக்குற வேலை. பலவித வளைவுள்ள நீளக் கம்பிகளை கதவு கண்ணாடி இடுக்கு வழியா, இல்லைன்னா உள்பக்க துளை வழியா விட்டு, லைட் போர்டு பிம்பத்தைப் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு மி.மீ.-யா தள்ளுவாங்க. பெயிண்ட் உடையாத, ஆனா நம்மால எடுக்க முடியாத ஒடுக்குக்கு இதுதான் முதல் வழி. அந்தப் பட்டாணி சைஸ் வில்லனைக் கூட கை தேர்ந்தவங்க கிட்டத்தட்ட தெரியாத அளவுக்கு எடுத்துடுவாங்க.

இன்னொண்ணு நம்ம ஊர் டிங்கரிங், பெயிண்டிங். சுத்தியல், டாலி வச்சுத் தட்டி எடுக்குறது. பின்பக்கம் கை போகலைன்னா, தகட்டு மேல வாஷரை வெல்டிங் பண்ணி ஸ்லைடு ஹேமரால இழுப்பாங்க. அப்புறம் பட்டி, தேய்ப்பு, பிரைமர், கலர், கிளியர். பெயிண்ட் உடைஞ்ச ஒடுக்குக்கும், மடிப்பு விழுந்ததுக்கும் இதுதான் சரி.

தெரியாம நாம பண்ற தப்பு, முதல் வகைக்குப் போக வேண்டிய ஒடுக்கை நேரா இரண்டாவதுக்குக் கொண்டு போறது. உடையாத ஃபேக்டரி பெயிண்ட்டைத் தேய்ச்சு எடுத்துட்டு, காசும் கொடுத்துட்டு வர்றோம்.

டிங்கரிங் கடையில இதெல்லாம் மரியாதையா கேளுங்க:

"அண்ணே, பெயிண்ட் உடையலை. பட்டி போடாம உள்ளருந்தே எடுக்க முடியுமா?"

"வாஷர் வெல்டிங் பண்ணி இழுத்தா, பின்பக்கம் கருகுற இடத்துக்கு துரு பிடிக்காம ஏதாவது அடிப்பீங்களா?" வெல்டிங் சூட்டுல பின்பக்க ஈ-கோட் கருகிடும். வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள இருந்து துரு கிளம்பும். பின்பக்கம் யாரும் பார்க்குறதில்லைங்குறதால நிறைய இடத்துல விட்டுப் போற விஷயம் இது.

"பட்டி எவ்வளவு கனம் வரும்?" பட்டி தகட்டை முடிஞ்ச வரை நேராக்குன பிறகு மெல்லிசா பூசுறதுக்கு. 2, 3 மி.மீ.-க்கு மேல ஏத்துனா நாளாக நாளாக விரிசல் விட வாய்ப்பு அதிகம். பட்டி தண்ணியை உறிஞ்சும், அதனால வாட்டர் பேப்பர்ல ஈரமா தேய்ச்சா நல்லா காய விடாம பிரைமர் அடிக்கக் கூடாது. பின்னாடி கொப்புளம் கிளம்புறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

"ஸ்பாட் மட்டும் அடிப்பீங்களா, பேனல் முழுக்கவா?" மெட்டாலிக் கலர்ல ஸ்பாட் மட்டும் அடிச்சா திட்டு தெரியும். பக்கத்துப் பேனல் வரைக்கும் மெதுவா கலந்து விட்டாத்தான் கண்ணுக்கு ஒண்ணா இருக்கும். பெயிண்ட் கோடு கார்லயே ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்க.

பம்பர்ல பிளைண்ட் ஸ்பாட் ரேடார் இருக்குற கார்னா அதை முன்கூட்டியே சொல்லிடுங்க. ரேடாருக்கு முன்னாடி கனமா பட்டி போட்டா அது சரியா வேலை செய்யாம போகலாம்.

டெலிவரி எடுக்கும்போது பகல் வெளிச்சத்துல பாருங்க. பெயிண்ட் அடிச்சிருந்தா ஒரு மாசத்துக்கு வேக்ஸ், பாலிஷ் வேண்டாம், பெயிண்ட் முழுசா காய நேரம் கொடுங்க.

7. இன்சூரன்ஸ் கிளைம் பண்ணலாமா?

அங்கிள் சொன்னதுக்கு வருவோம். இங்கதான் பல குடும்பங்கள் தெரியாமலே காசை விடுது.

கிளைம் பண்ணாத வருஷத்துக்கெல்லாம் நோ கிளைம் போனஸ் ஏறும்: 20, 25, 35, 45, 50 சதவீதம். இது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும், தேர்ட் பார்ட்டிக்கு இல்லை. ஒரு கிளைம் பண்ணா அடுத்த ரினியூவல்ல அது பூஜ்யம்.

உதாரணத்துக்கு உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், இப்போ போனஸ் 50 சதவீதம்னு வச்சுக்குவோம். கிளைம் பண்ணலைன்னா வருஷம் 5,000 கட்டுவீங்க. கிளைம் பண்ணா அடுத்த அஞ்சு ரினியூவலுக்கு 10,000, 8,000, 7,500, 6,500, 5,500. பிரீமியம் மாறாம இருந்தா கூடுதலா கட்டுறது மொத்தம் 12,500 ரூபாய். அது போக, கிளைம் தொகையில கட்டாயமா நாம ஏத்துக்க வேண்டிய பங்கு, 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000 ரூபாய். ஜீரோ டெப் எடுக்காத பாலிசியில பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் கிடைக்கும்.

அப்போ 4,000 ரூபாய் வேலைக்கு கிளைம் பண்ணா லாபமா? நீங்களே சொல்லுங்க. போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் இருந்தா கணக்கு மாறும், பாலிசியைத் திறந்து படிங்க. பெரிய அடின்னா தயங்காம கிளைம் பண்ணுங்க, அதுக்குத்தான் இன்சூரன்ஸ். அப்படிப் பண்ணப்போறீங்கன்னா முன்கூட்டியே தகவல் சொல்லிட்டு, சர்வேயர் பார்க்குற வரைக்கும் ஒடுக்குல கை வைக்காதீங்க.

8. சும்மா விடுறதும் ஒரு முடிவுதான்

இதை யாரும் சொல்லுறதே இல்லை. பெயிண்ட் உடையாத ஒடுக்கு அப்படியே இருந்தா காருக்கு ஒண்ணும் ஆகாது. துரு பிடிக்காது, மைலேஜ் குறையாது. கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். கையில காசு இல்லாத மாசத்துல பொறுத்திருக்கலாம். ஆனா பெயிண்ட் உடைஞ்ச ஒடுக்கை மட்டும் தள்ளிப் போடாதீங்க. கடைக்குப் போக நாளாகும்னா, அந்த இடத்தைத் துடைச்சுக் காய வச்சு டச்-அப் பெயிண்ட்டாவது தடவி வைங்க. மழை சீசன்ல இது இன்னும் முக்கியம்.

சுருக்கமா:

பெயிண்ட் முழுசு, ஒடுக்கு அகலம், பின்பக்கம் கை போகும்னா நீங்களே நிதானமா முயற்சி பண்ணலாம்.
பெயிண்ட் முழுசு, ஆனா ஒடுக்கு சின்னதா கூர்மையா இருந்தா பி.டி.ஆர். ஆளைத் தேடுங்க.
பெயிண்ட் உடைஞ்சிருந்தா, மடிப்பு விழுந்திருந்தா நல்ல டிங்கரிங் கடை, சீக்கிரமே.
பிளாஸ்டிக் பம்பர்னா முதல்ல சுடுதண்ணி. மாமாவுக்கு ஒரு நன்றி.

ஒரு கதவு ஒடுக்குக்குள்ள யங்ஸ் மாடுலஸ், யீல்டு, ஸ்ட்ரெய்ன் ஹார்டனிங், வெப்ப விரிவு எல்லாம் உட்கார்ந்திருக்கு. அரியர் வைக்குற பேப்பர்னு பயந்த பாடம், வீட்டுக் காருக்குச் சில ஆயிரம் மிச்சப்படுத்துனா நல்லதுதானே! அடுத்த தடவை எல்லாரும் உங்க பக்கம் திரும்பும்போது, பதில் சொல்றதுக்கு முன்னாடி உள்ள போய் ஒரு ஸ்கேலும் ரெண்டு ஏ.டி.எம். கார்டும் எடுத்துட்டு வாங்க.